பக்கத்து இருக்கைத் தோழமை

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நவம்பர் 14 என்றால் நமக்குக் குழந்தைகள் நாள். மாறுவேடப் போட்டி, பேச்சுப் போட்டி, கடைசியில் எல்லோருக்கும் மிட்டாய். அதே நாள்தான் உலக நீரிழிவு நாளும். இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரெடரிக் பாண்டிங் பிறந்த நாள் அது. பல ஆண்டுகளாக அந்த நாளில் மிட்டாய் கொடுத்து வந்த எனக்கு, மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை இது தெரியாது. என் வகுப்பில் ஒரு பெண், கையில் வாங்கிய மிட்டாயைத் தின்பதா, திருப்பித் தருவதா என்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் கணக்கு ஆசிரியை. மருத்துவம் படித்தவள் அல்ல. எனவே இன்று நான் பேசப்போவது மருத்துவ உரை அல்ல. சர்க்கரை நோய் உள்ள ஒரு குழந்தை நம் வகுப்பில் இருந்தால், பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் அந்தக் குழந்தைக்கு எவ்வளவு பெரிய துணையாக இருக்க முடியும், அந்தத் துணையை நாம் எப்படி உருவாக்கலாம், எப்படிக் கெடுத்துவிடவும் செய்யலாம் என்பதைப் பற்றித்தான். கெடுத்த கதையும் என்னுடையதே என்பதால் தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

முதல் தவறு

அந்தப் பெண் அப்போது ஏழாம் வகுப்பு. பெயர் சொல்லப்போவதில்லை. அப்பா சுமை தூக்கும் தொழிலாளி, அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். நன்றாகப் படிக்கிற பிள்ளை. ஜூலை மாதக் கடைசியில் ஒரு பாடவேளைக்கு இரண்டு முறை எழுந்து, "டீச்சர், பாத்ரூம் போகணும்" என்று நிற்க ஆரம்பித்தாள். முதலில் அனுப்பினேன். பிறகு எரிச்சல் வந்தது. "இப்பத்தானே போய்ட்டு வந்த? உட்காரு" என்றேன். தண்ணீர்ப் பாட்டிலை வகுப்பிலேயே எடுத்துக் குடித்தாள். அதற்கும் திட்டினேன். மேசையில் தலை சாய்த்தாள். "ராத்திரி டி.வி. பார்த்தியா?" என்று கேட்டேன். சீருடை தொளதொளவென்று ஆனது. வளர்கிற வயது, இளைக்கிறாள் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. விசாரித்தால், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கியது, நினைவு தப்பும் நிலையில் அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள். முதல் வகை நீரிழிவு. உடலில் இன்சுலின் சுரப்பு நின்றுபோய், இரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிட்டது. இன்னும் ஓரிரு நாள் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்று மருத்துவர் அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், காரணமில்லாத சோர்வு, எடை குறைதல். இந்த நான்கும் என் கண்ணெதிரே பாடவேளைதோறும் நடந்தன. வீட்டில் இருப்பதைவிட அதிக நேரம் அவள் விழித்திருந்தது என் முன்னால்தான். இந்த நான்கும் ஒரு குழந்தையிடம் சேர்ந்து தென்பட்டால் அன்றே பெற்றோரை அழைத்து, இரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இது எந்தச் சர்க்கரை?

நமக்குத் தெரிந்த சர்க்கரை நோய் அப்பாவுக்கும் மாமாவுக்கும் வருவது. மாத்திரை, நடைப்பயிற்சி, சோற்றைக் குறைப்பது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வருவது வேறு. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே தவறுதலாகக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இனிப்பு அதிகம் தின்றதால் வருவதல்ல. பெற்றோர் கவனிக்காததால் வருவதல்ல. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. மாத்திரையோ பத்தியமோ இன்சுலினுக்கு மாற்று ஆகாது. தினமும் ஊசி வழியாக இன்சுலின் செலுத்தியாக வேண்டும்.

1922 ஜனவரியில் கனடாவின் டொரண்டோ நகரில், லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குத்தான் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அப்போது அவன் எடை ஏறத்தாழ 29 கிலோ. அதற்கு முன்பு இந்த நோய் வந்த பிள்ளைகளுக்குப் பட்டினிப் பத்தியத்தில் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோதான் ஆயுள். அந்தச் சிறுவன் ஊசிக்குப் பிறகு மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இன்றைக்கு இன்சுலின் முறையாக எடுத்துக்கொள்ளும் குழந்தை எல்லோரையும் போலப் படிக்கலாம், ஓடலாம், வேலைக்குப் போகலாம், குடும்பம் நடத்தலாம். இதை எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தோடு சேர்த்தே சொல்லலாம். பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு கேட்கிறார்கள்.

இரண்டாம் தவறு

மூன்று வாரம் கழித்து அவள் பள்ளிக்கு வந்தாள். செய்த தவறுக்கு ஈடுகட்ட வேண்டும் என்ற வேகத்தில் நான் அடுத்த தவறைச் செய்தேன். அவளை எழுப்பி நிறுத்தி, "இந்தப் பிள்ளைக்குச் சுகர் இருக்கு. எல்லாரும் நல்லாப் பாத்துக்கணும், யாரும் இனிப்புக் கொடுக்கக் கூடாது" என்று வகுப்பு முழுவதற்கும் அறிவித்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மதியத்திற்குள் பள்ளி முழுவதும் பரவிவிட்டது. "ஒட்டிக்கும்" என்று யாரோ சொல்ல, பக்கத்தில் இருந்த பெண் பின் பெஞ்சுக்கு மாறினாள். "சுகர் பாட்டி" என்று ஒரு பையன் பட்டம் வைத்தான். குழந்தைகள் நாள் அன்று மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாளே, அது இந்த அறிவிப்பின் பலன். வாங்கினாலும் பார்ப்பார்கள், மறுத்தாலும் பார்ப்பார்கள்.

மதிய உணவுக்கு முன் போட வேண்டிய ஊசியைக் கழிப்பறைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டாள். யாராவது அங்கே நின்றால் போடாமலே திரும்பிவிடுவாள். இது எனக்குப் பிறகுதான் தெரியும். அடுத்த வாரம் நான்கு நாள் வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா என்னை உட்கார வைத்து டீ கொடுத்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. ஆனா இது பொம்பளப் பிள்ளை. ஊர்ல தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவா? நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறதையே அம்மன் கோயிலுக்குப் போறோம்னு சொல்லிட்டுத்தான் போறோம்." எனக்குப் பதில் வரவில்லை. அவர் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அந்த ஊரில் அது நடக்கக்கூடியதுதான்.

அன்று நாங்கள் மூவரும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அவளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள், உடற்கல்வி ஆசிரியர், தலைமையாசிரியர், சத்துணவு அமைப்பாளர் ஆகியோருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். இது பாதுகாப்பு, இதில் விட்டுக்கொடுக்க முடியாது. மாணவர்களில் யாருக்கு, எவ்வளவு சொல்வது என்பதை அவள்தான் முடிவு செய்வாள். "உனக்கு யாரு பக்கத்துல இருந்தா நல்லாருக்கும்?" என்று கேட்டேன். நான் நினைத்தது வகுப்புத் தலைவி. அவள் சொன்னது, பாடத்தில் கடைசியில் இருக்கிற, வாய் ஓயாமல் பேசி என்னிடம் அடிக்கடி திட்டு வாங்குகிற ஒரு பெண்ணை. "அவ ஒருத்திதான் டீச்சர் ஊசி வலிக்குமான்னு கேட்டா. மத்தவங்க சாவியான்னு கேட்டாங்க."

துணைக்கு யார் என்பதை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன்.

சிரித்த பெண்

அந்தத் துணை எவ்வளவு தேவை என்பது ஜனவரியில் தெரிந்தது. காலையில் விளையாட்டுப் பாடவேளை. அடுத்தது கணக்கு. கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை முடிக்க அவளை அழைத்தேன். வந்து நின்று சிரித்தாள். "எழுதும்மா" என்றேன். "நீங்களே எழுதுங்க" என்றாள். சுண்ணக்கட்டியைக் கீழே போட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வெளியே போய் நில் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னாலிருந்து அந்த வாயாடிப் பெண் ஓடி வந்தாள். "டீச்சர், அவளுக்கு லோ ஆகுது. கை பாருங்க."

கை நடுங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. முகம் வெளுத்திருந்தது. தோழி, அவள் பையின் முன் அறையிலிருந்து குளுக்கோஸ் பொடியை எடுத்துத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தாள். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டாள். "நான் ஏதாவது தப்பாப் பேசினேனா டீச்சர்?" என்று கேட்டாள்.

சர்க்கரை குறைந்தால் மயங்கி விழுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். எதிர்த்துப் பேசுவாள் என்று எதிர்பார்க்கவில்லை. மூளைக்குக் குளுக்கோஸ் போதாதபோது எரிச்சல், காரணமில்லாத சிரிப்பு அல்லது அழுகை, குழறும் பேச்சு, கிறுக்கல் கையெழுத்து எல்லாம் வரும். நான் வெளியே நிறுத்தியிருந்தால், வராந்தாவில் தனியாக அவள் என்ன ஆகியிருப்பாள்? அந்தக் கேள்வி இன்றும் என்னை விடவில்லை.

பிள்ளைகளுக்கு என்ன கற்றுக் கொடுத்தோம்

அதன் பிறகு அவளுடைய சம்மதத்தோடு நான்கு பேர் கொண்ட ஒரு சிறு குழுவை அமைத்தோம். இருவர் அவள் சொன்னவர்கள், இருவர் ஜூனியர் ரெட் கிராஸ் பிள்ளைகள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து செவிலியர் வந்து ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் மனதில் நிற்க மூன்று வரி:

தனியா விடாதே.
இனிப்பு கொடு.
டீச்சரைக் கூப்பிடு.

ஒவ்வொன்றையும் விளக்குகிறேன்.

தனியா விடாதே: "தலை சுத்துது" என்று சொல்லும் பிள்ளையை நாம் வழக்கமாக "போய் ஆபீஸ் ரூம்ல உட்காரு" என்று அனுப்புவோம். இந்தக் குழந்தையைத் தனியே அனுப்பவே கூடாது. எழுந்து நடக்கவும் வைக்கக் கூடாது. உட்கார்ந்த இடத்துக்கே எல்லாம் வர வேண்டும். ஒருவர் கூட இருக்க, இன்னொருவர் ஓடிப்போய் ஆசிரியரை அழைக்க வேண்டும். அதனால்தான் துணைக்கு ஒருவர் போதாது.

இனிப்பு கொடு: இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது தாழ்நிலை. கருவி கையில் இல்லையென்றாலும், அறிகுறி தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். வேகமாக உடலில் ஏறும் இனிப்பு வேண்டும். குளுக்கோஸ் பொடி அல்லது சர்க்கரை மூன்று தேக்கரண்டி அளவு தண்ணீரில் கலந்து கொடுக்கலாம். சிறு குழந்தைகளுக்கு இன்னும் குறைவாகப் போதும். அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். சாக்லேட்டும் பிஸ்கட்டும் முதலில் வேண்டாம், அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். தெளியவில்லை என்றால் அதே அளவு மறுபடியும். தெளிந்த பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால், பிஸ்கட்டோ வாழைப்பழமோ கொடுக்கலாம்.

டீச்சரைக் கூப்பிடு: நினைவில்லாமல் கிடந்தாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இது பிள்ளைகளின் வேலை அல்ல, நம் வேலை.

பிள்ளைகள் செய்யக் கூடாதவற்றையும் சொன்னோம். இன்சுலின் மருந்தையோ ஊசியையோ தொடக் கூடாது. எவ்வளவு போட வேண்டும் என்று யோசனை சொல்லக் கூடாது. பயன்படுத்திய ஊசியைக் குப்பையில் போடக் கூடாது. மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் அவளே சேர்த்து, வீட்டுக்குக் கொண்டுபோய், மருத்துவமனைக்குப் போகும்போது ஒப்படைக்கிறாள்.

ஊசி போட இடம்? நூலக அறையில் ஒரு மேசையும் மறைப்புத் திரையும் கொடுத்தோம். கை கழுவத் தண்ணீர் வைத்தோம். தோழி வாசலில் நின்று கதை பேசுவாள். அவ்வளவுதான். கழிப்பறைக்குப் பின்னால் போவது அன்றோடு நின்றது. ஊசி தவறுவதும் நின்றது.

துணையே சுமையாகும் இடம்

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்லிவிட்டால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நம்பவும் கூடாது.

ரெட் கிராஸ் பிள்ளைகளில் ஒருவன் போலீஸ்காரனாக மாறிவிட்டான். "டீச்சர், அவ முறுக்கு தின்னா." "டீச்சர், அவ ஐஸ் வாங்கினா." தினம் ஒரு புகார். அவள் மறைத்துத் தின்ன ஆரம்பித்தாள். மறைத்துத் தின்றால் அதற்கேற்ப இன்சுலினைச் சரிசெய்ய முடியாது, ஆபத்து அதிகம். அந்தப் பையனைத் திட்டவில்லை. அவனிடம் கேட்டேன்: "உன் தட்டை ஒருத்தர் தினம் எட்டிப் பாத்தா உனக்கு எப்படி இருக்கும்?" என்ன தின்பது என்பது அவளுக்கும் அவள் வீட்டாருக்கும் மருத்துவருக்கும் உள்ள கணக்கு. நண்பனின் வேலை காவல் காப்பது அல்ல, கூட இருப்பது.

இரண்டாவது, அந்த வாயாடிப் பெண். ஒருநாள் காய்ச்சலோடு பள்ளிக்கு வந்திருந்தாள். ஏன் வந்தாய் என்றால், "நான் லீவு போட்டா அவளுக்கு ஏதாவது ஆயிடுமே டீச்சர்" என்று அழுதாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஓர் உயிரைத் தன் தோளில் சுமந்துகொண்டிருந்தது, எங்களுக்குத் தெரியாமல். அன்று முதல் ஒரு விதி வைத்தோம். பொறுப்பு ஆசிரியருடையது, உதவி மட்டும்தான் பிள்ளைகளுடையது. தினமும் காலையில் வகுப்பாசிரியர், "இன்னைக்கு நான் பாத்துக்கிறேன்" என்று அவர்கள் காதுபடச் சொல்ல வேண்டும். துணை முறை வைத்து மாற வேண்டும். மாதம் ஒருமுறை துணைப் பிள்ளைகளிடமும், "உங்களுக்கு ஏதாவது பயமா இருக்கா?" என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, உதவி ஒருவழிப் பாதையாக இருந்தால் அது நட்பாக நிற்காது. அந்த வாயாடிப் பெண்ணுக்குக் கணக்கு வராது. இவளுக்கு வரும். இவள் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் அவள் இவளுக்குக் குறிப்பேடு எழுதி வைப்பாள். எழுத்துப் பிழையோடுதான். இருந்தாலும் அந்தக் குறிப்பேடுதான் இவளுக்கு வேண்டும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு

உங்களிடம் வரும் குழந்தை ஆறு வயதாக இருக்கலாம். அதற்குத் தனக்கு என்ன ஆகிறது என்று சொல்லத் தெரியாது. "காலு ஆடுது", "பசிக்குது", "தூக்கம் வருது" என்றுதான் சொல்லும், அல்லது சும்மா அழும். அந்த வயதில் பிள்ளைகளைப் பொறுப்பாளர் ஆக்க வேண்டாம். ஒரே ஒரு பழக்கம் போதும்: "பக்கத்துல இருக்கிற பாப்பா ஒரு மாதிரி இருந்தா டீச்சர்கிட்ட சொல்லணும்." இதை எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாகச் சொல்லலாம், யாரையும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை.

காலை உணவுத் திட்டத்தில் சாப்பிடும் குழந்தை என்றால் ஒரு விஷயம் முக்கியம். வீட்டில் ஊசி போட்டுவிட்டு, பள்ளிக்கு வந்து சாப்பிடுவதற்குள் நேரம் ஆகிவிட்டால் சர்க்கரை குறைந்துவிடும். ஊசி எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதைப் பெற்றோரும் நீங்களும் மருத்துவர் சொன்னபடி ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தை வரிசையில் கடைசியில் நிற்க வேண்டாம்.

அன்றாடச் சில செய்திகள்

உடற்பயிற்சி சர்க்கரையைக் குறைக்கும். அதற்காக விளையாட்டை நிறுத்தாதீர்கள். ஓரமாக உட்கார வைப்பதுதான் பெரிய தண்டனை. விளையாட்டுக்கு முன் ஏதாவது சாப்பிட வையுங்கள், குளுக்கோஸை மைதானத்துக்கு எடுத்து வரச் சொல்லுங்கள். எங்கள் பெண் கோகோ அணியில் இருக்கிறாள்.

பிறந்தநாள் என்றால் சாக்லேட் என்ற வழக்கத்தை எங்கள் வகுப்பில் பிள்ளைகளே மாற்றினார்கள். யாராவது ஒரு பென்சில் தருவார்கள், சிலர் கடலை உருண்டை கொண்டு வருவார்கள். இனிப்பு வந்தால், அவளும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வாள். அவசரத்துக்கு உதவும் என்று சிரிப்பாள்.

இன்சுலின் வெயிலில் கெடும், உறைந்தாலும் கெடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில் மண்பானை முறையைச் சொல்லித் தருகிறார்கள். பெரிய பானையில் ஈர மணல் நிரப்பி, நடுவில் ஒரு சிறு சட்டிக்குள் மருந்தை வைத்து நிழலில் வைப்பது. பள்ளியிலும் கோடையில் அப்படி ஒன்றை நூலக அறையில் வைத்திருக்கிறோம். இரத்தம் பார்க்கும் பட்டைகள் விலை அதிகம். பள்ளி மேலாண்மைக் குழுவில், பெயர் சொல்லாமல் பேசி, முன்னாள் மாணவர்கள் மூலம் வாங்கித் தருகிறோம்.

தேர்வு அறையிலும் இந்தக் குழந்தைக்குத் தண்ணீர், குளுக்கோஸ், சிற்றுண்டி, சர்க்கரை பார்க்கும் கருவி தேவை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பொதுத் தேர்வில் 2017 முதல் சிற்றுண்டி கொண்டுவர அனுமதிக்கிறது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் எல்லா மாநிலங்களுக்கும் எழுதிய கடிதத்தில், வகுப்பறையில் சர்க்கரை பார்க்கவும், ஊசி போடவும், இடையில் சாப்பிடவும் இந்தக் குழந்தைகளை அனுமதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. பொதுத் தேர்வு எழுதும் பிள்ளை உங்களிடம் இருந்தால், கடைசி வாரம்வரை காத்திருக்காமல் மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக முன்னதாகவே எழுதுங்கள். அறைக் கண்காணிப்பாளருக்கு விஷயம் தெரியாமல், குளுக்கோஸ் பொட்டலத்தைத் துண்டுத்தாள் என்று சந்தேகப்படும் நிலை வரக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நாட்டு மருந்து சாப்பிட்டா ஊசியே வேண்டாம்" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எங்கள் பெண்ணின் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். அவள் அம்மா என்னிடம் கேட்டார். நான் மருத்துவர் அல்ல, ஆனாலும் இதில் தயங்காமல் சொன்னேன்: "என்ன வேணா குடுங்க, ஊசியை மட்டும் ஒரு நாளும் நிறுத்தாதீங்க. மத்ததை டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் குடுங்க." ஊர் மக்கள் நம் வார்த்தைக்கு இன்னும் மதிப்புத் தருகிறார்கள். அதைப் பயன்படுத்த வேண்டிய இடம் இது.

நாளைக்கு யார்?

இப்போது அவள் பத்தாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். போன மாதம் மதிய இடைவேளையில் நூலக அறைக்கு ஊசி போட வந்தவள், போட்டு முடித்துவிட்டு, கிளம்பாமல் நின்றாள். "டீச்சர், அடுத்த வருஷம் வேற ஸ்கூல். அவளும் என்கூட வர மாட்டா, ஐ.டி.ஐ. போறாளாம். அங்க நான் மறுபடியும் முதல்லருந்து சொல்லணுமா?"

"நான் சொல்றேன்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணாம் டீச்சர். டீச்சர்ங்ககிட்ட மட்டும் நீங்க சொல்லுங்க. பிள்ளைங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கழிப்பறைக்குப் பின்னால் ஒளிந்த பெண் அவள். அவள் அம்மாவின் கவலை இன்னும் தீரவில்லை. அதற்கு என்னிடம் விடையும் இல்லை. ஆனால் தன்னைப் பற்றி யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்று முடிவு செய்யும் தெம்பு அவளுக்கு வந்திருக்கிறது.

அவள் கேட்டுக்கொண்டதன் ஒரு பகுதியைத்தான் இன்று நான் செய்கிறேன். மாற்றுச் சான்றிதழோடு ஒரு பிள்ளை உங்கள் பள்ளிக்கு வரும்போது, அந்தத் தாளில் இது எதுவும் எழுதியிருக்காது. எனவே சேர்க்கையின்போது பெற்றோரிடம் தனியாக, மற்றவர் காதில் விழாமல், "பிள்ளைக்கு ஏதாவது உடம்புக்கு இருக்கா, நாங்க தெரிஞ்சுக்கணுமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். இருந்தால், பிள்ளையிடம் இன்னொரு கேள்வி: "உனக்கு யாரு பக்கத்துல இருந்தா நல்லாருக்கும்?"

நாளைக் காலை உங்கள் மேசை இழுப்பறையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலத்தை வாங்கி வையுங்கள். பாடவேளையில் இரண்டாம் முறையாகக் கழிப்பறைக்குக் கேட்கும் பிள்ளையை அனுப்பிவிட்டு, திரும்பி வரும்போது அதன் முகத்தை ஒருமுறை பாருங்கள்.